ஏழு தரம் கழுவிய கரி

ஸுஹைறா எதையும் முதல் சொல்லில் நம்புகிறவள் அல்ல. பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு முப்பது வயது என்றபோது, அறைக்குள் இருந்தபடியே அவரது அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டு அனுப்பினாள். இலக்கத்தின் தொடக்கத்தில் உள்ள பிறந்த வருடத்தின்படி முப்பத்து மூன்று. வந்தவர்கள் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “முப்பத்து மூண்டெண்டா முப்பத்து மூண்டெண்டே சொல்லுங்க. எனக்கு அதுல ஒண்டும் இல்ல” என்று உள்ளிருந்து குரல் வந்தது. கல்யாணம் முடிவாயிற்று.

அந்த மாப்பிள்ளைதான் அஸ்கி. வரிப்பத்தான்சேனை வயல்காரக் குடும்பம். ஊரிலுள்ள எல்லா மாப்பிள்ளைகளையும் போல அவனும் பெண் வீட்டுக்குக் குடிவந்தான். ஸுஹைறாவின் வீடு நற்பிட்டிமுனையில். ஓர் ஆட்டோவும், மார்க்க விஷயத்தில் அணுவளவும் பிசகாத பிடிவாதமும் அவனோடு வந்த சீர்கள். ஆட்டோ மட்டும் இரண்டு தரம் மாறியிருக்கிறது.

கல்யாணக் கார்டில் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது. இரண்டு வாப்பாமாரின் பெயர்கள் பட்டங்களோடு இருந்தன. மண்டபத்தின் பெயரும், மூலையில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் இருந்தன. பெண்ணின் இடத்தில் ‘இளைய புதல்வி’ என்று போட்டிருந்தார்கள். பதினான்கு வருடமாக அந்தக் கார்டு அலுமாரியில் கிடக்கிறது. விருந்தினர் யாராவது அதை எடுத்துப் பார்த்தால் ஸுஹைறா ஒரே வசனத்தைத்தான் சொல்லுவாள்: “கார்டு அடிச்சவன்ட பேர் இரிக்கி, பாருங்க.”

உயர்தரத்தில் இரசாயனவியலை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றவள் அவள். கல்முனையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஓர் உயர்கல்வி நிறுவகத்தில் ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தது. கண்ணாடிக் குழாய் கழுவுவது, மருந்து நிறுப்பது, உடைந்ததற்கெல்லாம் பொறுப்பேற்பது ஆகியவைதான் வேலை. பதினொரு வருடத்தில் அவளது அறையில் ஐந்து விரிவுரையாளர்கள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஐந்து பேருடைய ஆய்வுக் கட்டுரைகளிலும் ‘ஆய்வுகூட ஊழியர்களுக்கு நன்றி’ என்ற வரி உண்டு. அந்த அறையில் இருந்த ஊழியர்கள் ஸுஹைறா ஒருத்தி.

ஆறாவதாக வந்தவர் கலாநிதி முபாறக். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஆய்வுகூடத்துக்குள்ளும் டை கட்டுவார். குனியும்போது டையின் நுனி அமிலத்தில் தோயும். அமிலம் அரித்து அரித்து, இப்போது டை இரண்டு பட்டன் அளவு குட்டையாகிவிட்டது. நல்ல மனிதர். ஆனால் தனியாக இருக்கும்போதும் எதிரில் நூறு பேர் இருப்பது போலத்தான் கதைப்பார்.

“கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துளை கோடிக்கணக்கில இரிக்கி, ஸுஹைறா. அதுக்குள்ள ஒட்சிசன அடைக்கப்போறம்.”

“அடைச்சி?”

“ஒட்சிசன் மூலக்கூறு ஒவ்வொண்டும் ஒரு சின்னக் காந்தம். வெளியில தனியாத் திரியக்க பெரிய காந்தத்துக்கு இழுபடும். நைதரசன் இழுபடாது, ஒட்சிசன்தான். ஆனா, ஒடுக்கமான துளைக்குள்ள, கடும் குளிருல, பக்கத்துப் பக்கத்தில அடைச்சி வெச்சா, ஒண்டு மேல பாத்தா மத்தது கீழ பாக்கும். சோடிக்குச் சோடி ஒண்டையொண்டு வெட்டிடும். இழுவை குறைஞ்சி போகும்.”

ஸுஹைறா யோசித்தாள். “கல்யாணம் முடிச்ச ஆக்கள் மாதிரி.”

“அப்படியில்ல” என்றார் முபாறக். பிறகு டையைச் சரிசெய்துகொண்டு, “கிட்டத்தட்ட அப்படித்தான்” என்றார்.

அந்த இழுவையை அளப்பதற்கு வெளிநாட்டில் அறையளவு இயந்திரம் இருக்கிறதாம். இங்கே இருந்தது கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கையும் காட்டும் ஒரு தராசு. தராசின் அடியில் ஒரு கொளுவி. அதிலிருந்து கரியும் ஒட்சிசனும் அடைத்து மூடிய சிறு கண்ணாடிக் குழாய் தொங்கும். குழாயின் நுனி ஒடுங்கிய குளிர்க் குடுவைக்குள் இறங்கும். குடுவையின் கீழே, செத்துப்போன கணினிகளின் வயிற்றிலிருந்து கழற்றிய காந்தங்கள். காந்தம் ஒட்சிசனைக் கீழே இழுத்தால் தராசு பாரம் கூடியதாகக் காட்டும். எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இழுவை. இவ்வளவுதான் சங்கதி.

குளிருக்குத் திரவ நைதரசன் வேண்டும். மாவட்டத்தில் அது தவறாமல் கிடைக்கிற இடம் மாடுகளைச் சினைப்படுத்தும் காரியாலயம். பொலிகாளைகளின் விந்தணுவை அதில்தான் உறையவைத்திருப்பார்கள். அங்கே பொறுப்பாக இருந்தவர் சாமித்தம்பி. கடிதம் கொடுத்தால் குடுவையை நிரப்பிக் கொடுப்பார்; கூடவே ஒரு கதையும் கொடுப்பார்.

“என்னகா ஸுஹைறா, இந்தக் கிழமையும் குளிர் மட்டும் போதுமா? நல்ல சாதிக் காளை ஒண்டு வந்திருக்கு.”

“காளை வேணாம் அண்ணன். வீட்டில இரிக்கிறதுக்கே தீனி போட்டு முடியல்ல.”

ஆட்டோவுக்குள் காத்திருந்த அஸ்கி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

கரியை முபாறக் வெளியில் வாங்க விரும்பவில்லை. உமிக்கரி என்றார். உள்ளூர் மூலப்பொருள் என்றால் மேடையில் எடுபடும். அஸ்கி ‘காக்கா’ என்று கூப்பிடும் அண்ணனுக்கு வரிப்பத்தான்சேனையில் நெல் ஆலை இருந்தது. உமி ஆட்டோவில் வந்தது. ஆய்வுகூடத்து உலை ஒரு கோப்பை அளவுதான் கொள்ளும் என்பதால், முதற் கரியை வீட்டு முற்றத்தில் சுட்டுக் கழுவி, பிறகு உலையில் மூடிவைத்து எழுநூறு பாகையில் எரிக்க வேண்டும். “இரும்பு மட்டும் பட்டிடக் கூடாது. துளியளவு இரும்பும் காந்தக் கணக்கக் கெடுத்திடும்” என்று முபாறக் மூன்று தரம் சொன்னார். ஆகவே அலுமினியக் கிடாரம், மர அகப்பை, பிளாஸ்டிக் வாளி. ஸுஹைறா சட்டை ஊசியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கரியைக் கிளறினாள்.

முதல் தொகுதி நன்றாக வந்தது. அதை ஒட்சிசன் இல்லாமல் வெறுங்கரியாக நிறுத்துப் பார்த்தார்கள். காந்தம் அதைச் சீண்டவில்லை. ஒட்சிசனோடு நிறுப்பதற்குள் ஒரு மாணவன் குழாயைக் கைநழுவவிட்டான். சரி, கரி கரிதானே என்று இரண்டாம் தொகுதியைச் சுட்டுக்கொண்டு வந்தாள் ஸுஹைறா. கொஞ்சம் பாரமாக இருந்தது. ஈரம் என்று நினைத்தாள்.

அந்தத் தொகுதியில்தான் அதிசயம் நடந்தது. இழுவை குறைய வேண்டிய இடத்தில் நாற்பது மடங்கு கூடியது. குளிரை எடுத்த பிறகும் குறையவில்லை. முபாறக் தராசின் முன் முழங்காலில் நின்றார்.

“வெட்டுப்படல்ல, ஸுஹைறா. எல்லா மூலக்கூறும் ஒரே பக்கம் பாத்து நிக்கிது. ஒரு இமாமுக்குப் பின்னால நிக்கிற மாதிரி.”

“குளிர் போன பிறகுமா சேர்?”

“போன பிறகும்.”

“தொழுகை முடிஞ்சா சனம் எழும்பிப் போகணுமே.”

முபாறக் அதைக் கேட்கவில்லை. வருடாந்த ஆய்வரங்குக்குச் சுருக்கம் எழுதத் தொடங்கியிருந்தார். எழுதி முடித்துத் தலைநிமிர்ந்தபோது, “ஒங்கட பேரும் போடுறன். ரெண்டாவது பேர்” என்றார்.

ஆய்வரங்கின் சுருக்கப் புத்தகம் அச்சாகி வந்தது. நாற்பத்தேழாம் பக்கம். எம். முபாறக், ஏ. ஸுஹைறா. கீழே ஆங்கிலத்திலும் அதே. ஸுஹைறா அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்தாள். பிறகு வெளிச்சம் போதாது என்று வாசலுக்குக் கொண்டுபோய் மறுபடி எடுத்தாள். அஸ்கி படத்தைத் தன் நண்பர்களுக்கு அனுப்பினான். இரண்டு நாளில் சந்தியில் பெனர் ஏறியது: ‘காற்றைக் காந்தமாக்கிச் சாதனை படைத்த எமது அஸ்கியின் அன்புத் துணைவியாரை வாழ்த்துகிறோம்.’ அதன் கீழே வாழ்த்தியவர்களின் பெயர்கள், படங்களோடு, பதினாறு.

ஸுஹைறா பெனரின் முன் நின்று பதினாறையும் வாசித்தாள். ஆக, இந்த உலகத்தில் தன் பெயர் அச்சாகியிருக்கும் இடம் நாற்பத்தேழாம் பக்கம் மட்டும்தான் என்று உறுதிசெய்துகொண்டு பஸ் ஏறினாள்.

ஆய்வரங்கு சனிக்கிழமை. புதன்கிழமை அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திறந்த குழாய் ஒன்றிலிருந்து கொஞ்சம் கரித்தூள் காந்தத்தின் அருகே கொட்டியது. துணியால் ஒத்தி எடுத்தாள். தூள் துணியில் வரவில்லை. காந்தத்தின் விளிம்பில் போய்க் கூட்டமாக நிமிர்ந்து நின்றது. ஊதினாள். ஆடியது, விழவில்லை. காந்தத்துக்கு ஒரு கறுத்த தாடி முளைத்திருந்தது.

ஸுஹைறா கதிரையில் உட்கார்ந்தாள். குழாய் காலையிலேயே திறந்தது. அடைத்த ஒட்சிசன் எப்போதோ போயிருக்கும். வாயு போய்விட்டது, காந்தம் போகவில்லை. அப்படியென்றால் இழுபட்டது வாயு அல்ல, கரி.

காந்தத்தைத் தாடியோடு கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அஸ்கி அஸர் தொழுதுவிட்டு ஆட்டோவுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

“இஞ்ச கேளுங்க. நான் ரெண்டாம் தரம் சுட்ட கரி, சாக்கில காயப் போட்டது, அதை ஆரும் தொட்டதா?”

அஸ்கி குழாயை நிறுத்தினான். அவன் முகத்தில், சொல்லாமல் வைத்திருந்த ஒரு நல்ல காரியம் வெளியே வரப்போகிற வெட்கம் தெரிந்தது.

“தொடல்ல. நாய் படுத்த.”

“நாயா?”

“அந்தச் செவலை நாய். கரி சூடா இரிந்திருக்கும், சுகமாப் படுத்து வாலால விசிறிக்கிட்டுக் கிடந்த. நக்கியும் இரிந்த. நீ அதைக் கையால அள்ளிட்டு வந்து குசினியில சோறாக்குவாய் எண்டு நெனச்சன், நெஞ்சு ஒப்பல்ல. கழுவின நான்.”

“எப்படிக் கழுவின?”

“எப்படிக் கழுவுற? நாய் நக்கினதுக்கு மார்க்கம் சொன்ன மாதிரித்தான், ஏழு தரம். ஒரு தரம் மண்ணால.”

ஸுஹைறா கண்ணை மூடிக்கொண்டாள். “எந்த மண்?”

ரோட்டு வேலைக்கென்று வேலியோரம் கொட்டியிருந்த கிறவல் குவியலை அஸ்கி காட்டினான். இரத்தச் சிவப்புக் கிறவல். ஊர் முழுக்க வெள்ளை மணல் கிடக்க, தூரத்து மலையடியிலிருந்து டிப்பரில் வந்த, இரும்பு ஊறிச் சிவந்த மண்.

“மணல் ஒட்டாது, அதுல கழுவினா சரியா வராது. கிறவல நல்லாக் குழைச்சி, பிசைஞ்சி, பிறகு ஆறு தண்ணி விட்டு அலசின” என்றான் அஸ்கி. குரலில் கைவேலைக்காரனின் திருப்தி இருந்தது.

“ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?”

“நல்ல அமலச் சொல்லிக் காட்டப்படாது, புள்ள.”

எழுநூறு பாகையில், கரியோடு சேர்த்து மூடிச் சுட்டால் சிவந்த கிறவல் கறுத்துக் காந்தமாகும். இரண்டு தரம் உயர்தரம் எழுதியவளுக்கு அது தெரியும். சட்டை ஊசியைக் கழற்றிவைத்துக் கிளறிய கரிக்குள், புருஷன் ஒரு வாளி இரும்பைப் பிசைந்திருக்கிறான், அல்லாஹ்வுக்காக. ஏசவும் முடியவில்லை. சிரிக்கவும் முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

மறுநாள் முபாறக்கின் மேசையில் காந்தத்தை வைத்தாள்.

“இது எப்ப முளைச்ச?” என்றார் அவர்.

“நாய் படுத்த அண்டைக்கி.”

முழுவதையும் சொன்னாள். முபாறக் எழுந்து கதவைச் சாத்தினார். முதல் தடவையாக நூறு பேருக்கு அல்லாமல் ஒருத்திக்கு மட்டும் கேட்கும் குரலில் கதைத்தார்.

“புத்தகம் அச்சாகிட்டு. சனிக்கிழமை நான் பேசுறன். பிறகு மெல்லத் திருத்துவம். ஆருக்கும் தெரியத் தேவையில்ல.”

“பிழை எண்டு தெரிஞ்சிட்டே, சேர்.”

“நாற்பத்தேழாம் பக்கத்தில ரெண்டாவது பேர் ஆருட?”

“என்ட.”

“அழிக்கச் சொல்லவா?”

ஸுஹைறா மேசையிலிருந்த காந்தத்தை எடுத்துக் கைப்பையில் போட்டாள். அமிலத்துக்குப் பயப்படாத கை, கைப்பையின் பிடியைப் பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் தன்னோடே வழக்காடினாள். உண்மை தெரிந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவருக்குக் குரைக்க மட்டும்தான் தெரியும். பொய்க்குக் கீழே இருந்தாலும் பெயர் பெயர்தானே. பதினாறு பேர் ஒன்றும் செய்யாமலே பெனரில் சிரிக்கிறார்கள், தான் பதினொரு வருடம் குழாய் கழுவியிருக்கிறாள். எல்லாம் சரி. ஆனால் அலுமாரியைத் திறந்து உடுப்பு எடுத்தபோது கல்யாணக் கார்டு கையில் பட்டது. முப்பது என்று சொன்ன மாப்பிள்ளையை முப்பத்து மூன்று என்று தெரிந்துகொண்டுதான் முடித்தாள். தெரியாமல் முடித்திருந்தால், இந்தப் பதினான்கு வருடத்தில் ஒவ்வொரு பிறந்த நாளும் எப்படிக் கழிந்திருக்கும்? அதற்கு மேல் அவள் வழக்காடவில்லை. காந்தத்தைப் புதுக் கடதாசியில் சுற்றினாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அமர்வுக்குத் தலைமை பேராசிரியர் எலிசா. கல்முனை மெதடிஸ்தக் குடும்பம். இப்போது வேறு மாகாணத்தில் படிப்பிக்கிறார். அவருக்குப் பக்கத்தில் தலைநகரிலிருந்து வந்த ஒரு விருந்தினர், ஏசி போதாமல் சுருக்கப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார். அஸ்கியும் பெனர்க்காரர்கள் சிலரும் பின்வரிசையில் இருந்தார்கள்.

முபாறக் நன்றாகத்தான் பேசினார். நாற்பது மடங்கு என்றபோது கைதட்டல் கிடைத்தது. எலிசா கைதட்டவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்:

“வாயு அடைக்காம வெறுங்கரிய நிறுத்துப் பாத்தீங்களா, டொக்டர்?”

“ஓம் மெடம். நிறுத்துப் பாத்தம்” என்றார் முபாறக். அது பொய்யில்லை. முதல் தொகுதியை நிறுத்தார்கள்.

மூன்றாம் வரிசையில் ஸுஹைறா எழுந்தாள். மேடைவரை நடந்து, கடதாசியைப் பிரித்து, தாடி முளைத்த காந்தத்தைத் தலைவரின் மேசையில் வைத்தாள்.

“அது வேற கரி, மெடம். இதுதான் இந்தக் கரி. இதுல காத்தே இல்ல.”

எலிசா காந்தத்தைத் தூக்கிப் பார்த்தார். தாடி ஆடியது. “இரும்பு. எப்படி வந்தது?”

“நாய் படுத்த, மெடம்.”

விருந்தினர் விசிறுவதை நிறுத்தினார். பிறகு பின்வரிசையில் ஒருவர், “அப்ப ஏழு தரம் கழுவியிரிப்பாங்களே” என்று பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. சிரிப்பு பின்னாலிருந்து வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. ஐந்து வயதிலிருந்து ஓதிப் படித்த சட்டம். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. விருந்தினர் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

எலிசாவின் சிறுவயது வீட்டுக்கு இரண்டு பக்கமும் முஸ்லிம் வீடுகள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “ஒரு தரம் மண்ணாலயா?”

“கிறவலால, மெடம்.”

“கழுவினது ஆரு?”

“என்ட மாப்பிள்ள. பின்னால இரிக்கார்.”

எல்லோரும் திரும்பினார்கள். அஸ்கி எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், ஸலாம் சொன்னான்.

முபாறக் மேடையில் டையைப் பிடித்தபடி நின்றார். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டிய இடம் இது. ஒலிவாங்கியை நெருங்கி, “என்ட உதவியாளர் சொல்றது சரி. முடிவ மீளப் பெறுறன்” என்றார். குரல் நூறு பேருக்கும் கேட்டது, ஆனால் மேடையில் முதல் தடவையாக அது அவருடைய சொந்தக் குரலாக இருந்தது.

நாற்பத்தேழாம் பக்கம் ரத்தாயிற்று. நிறுவகத்தின் இணையத்தளத்தில் சுருக்கத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது, பெயர்களின் மேலும்தான். பெனரைப் பதினாறு பேரில் யாரோ கழற்றி ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை போட்டார்கள். முபாறக் இரண்டு கிழமை ஸுஹைறாவோடு தராசு இலக்கங்கள் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை ஒரு மூட்டை உமியை மேசையில் வைத்தார்.

“இந்த முறை நாயக் கட்டி வைப்பம்.”

“மாப்பிள்ளையையும்” என்றாள் ஸுஹைறா.

ஐந்து மாதம் போனது. ஒவ்வொரு தொகுதியிலும் அவள் முதலில் வெறுங்கரியை நிறுத்தாள். பிறகு சந்தேகத்துக்கு இன்னொரு தரம் நிறுத்தாள். சாமித்தம்பி கதைகளோடு குளிர் அனுப்பினார். கடைசியில் கிடைத்தது சின்ன விடை. துளைக்குள் அடைந்து குளிர்ந்த ஒட்சிசன், இழுபட வேண்டிய அளவைவிடக் குறைவாகவே இழுபட்டது. அடைபட்டவை சோடி சோடியாகத் திரும்பி ஒன்றையொன்று வெட்டியிருந்தன. மற்ற நாடுகளில் முன்னமே கண்ட விஷயம்தான். உமிக்கரியில் இன்னார் கண்டது என்பது மட்டும்தான் புதிது. தராசின் கடைசித் தசமதானத்தில் சில எண்கள். யாரும் கைதட்டப்போவதில்லை.

சுருக்கத்தை முபாறக் எழுதினார். ஒரு வசனத்தை மட்டும் ஸுஹைறா எழுதினாள்: ‘ஒவ்வொரு தொகுதியிலும் வெறுங்கரி முதலில் நிறுக்கப்பட்டது.’ பெயர்களின் வரிசையைத் தட்டச்சு செய்தவர் முபாறக். அச்சாகி வந்தபோது அவள் பெயர்தான் முதலில் இருந்தது. பக்கம் பன்னிரண்டு.

அஸ்கி வாசலில் இருந்து அந்தப் பக்கத்தை இரண்டு மொழியிலும் வாசித்தான். ஆங்கிலத்தை அவள் எழுத்துக் கூட்டிக் கொடுத்தாள்.

“நன்றி சொல்லுற எடத்தில எல்லாரும் இரிக்காங்க. உமி தந்த காக்கா, குளிர் தந்த சாமித்தம்பி அண்ணன். நாய் இல்லையே, புள்ள. அது படுக்காட்டி இது ஒண்டும் நடந்திரிக்காது.”

“அதுக்குப் பேர் இல்லையே. பேர் இல்லாத ஆக்கள அச்சடிக்க மாட்டாங்க.”

அஸ்கி அலுமாரிப் பக்கம் பார்த்தான். பிறகு புத்தகத்தைப் பார்த்தான்.

அடுத்த கிழமை ஒரு காலையில் ஸுஹைறா வேலைக்குப் போக வெளிக்கிட்டபோது வேலியோரம் சத்தம் கேட்டது. மிச்சமிருந்த கிறவல் குவியலின் மேல் செவலை நாய் நீட்டிப் படுத்திருந்தது. அஸ்கி, கைலியை மடித்துக்கட்டி, பத்தடி தள்ளி நின்று, விளக்குமாற்றை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“போ, ஒட்சிசன். எழும்பிப் போ.”

ஒட்சிசன் ஒரு கண்ணைத் திறந்து, அவனைப் பார்த்து, மூடிக்கொண்டது.